ஜார்ஜுக்குக் கிடைக்காத கோள்

கோள்களின் பெயர்களை ஆங்கிலத்தில் வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். மெர்க்குரி, வீனஸ், மார்ஸ், ஜூபிட்டர், சாட்டர்ன், யுரேனஸ், நெப்டியூன். பூமியை விட்டுவிட்டால் ஏழு பேர். ஆறு பேர் ரோமாபுரிக்காரர்கள். பந்தியில் ஒருவர் மட்டும் வேறு ஊர்: யுரேனஸ், அசல் கிரேக்கர். கிரேக்கத்தில் ஊரனோஸ் என்றால் ஆகாயம். ரோமர்களிடம் ஆகாயத்துக்குக் கடவுள் இல்லாமல் இல்லை. கைலுஸ் என்று ஒருவர் இருந்தார். அவரைக் கூப்பிடாமல் கிரேக்கரை ஏன் கூப்பிட்டார்கள்?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு நீண்ட பெயர்ச்சண்டைக்குள் போய் விழுவோம். கண்டுபிடித்தவர் ஒரு பெயர் வைத்தார். அவருடைய நாடு அந்தப் பெயரையோ அதன் சாயலையோ ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் விடாமல் அச்சடித்தது. உலகம் கண்டுகொள்ளவே இல்லை. புராணப் பெயர்கள் வானத்தில் ஏன் இவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான வழக்கு எனக்குத் தெரிந்து கிடையாது.

பாத் நகரத்து வீடு

1781 மார்ச் 13, செவ்வாய்க்கிழமை, இரவு பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவே. இங்கிலாந்தின் பாத் நகரில் நியூ கிங் தெரு 19-ஆம் எண் வீட்டின் பின்பக்கத் தோட்டம். தொலைநோக்கியில் கண் வைத்திருந்த வில்லியம் ஹெர்ஷலுக்குத் தொழில் இசை. ஜெர்மனியின் ஹனோவரில் பிறந்தவர். பிழைப்புத் தேடி இங்கிலாந்து வந்து, ஆக்டகன் சேப்பலில் ஆர்கன் வாசித்து, மாணவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வானம் பார்ப்பது ராத்திரி வேலை.

தொலைநோக்கிக் கண்ணாடிகளை அவரே வார்த்துத் தேய்த்தார். செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம்; வார்ப்பு அச்சுக்குக் குதிரைச் சாணம். அதை இடித்துச் சலித்துக் கொடுத்தவர் தங்கை கரோலின். அதே ஆண்டு ஆகஸ்டில் மூன்றடி அகலத்துக்கு ஒரு பெரிய கண்ணாடி வார்க்கப் போய், உருகிய உலோகம் கசிந்து தரையில் ஓடியது. சூடு தாங்காமல் கல்தளம் வெடித்துச் சில்லுகள் பறந்தன. எல்லோரும் உயிர்பிழைக்க ஓடினார்கள். அந்த வீடு இன்று அருங்காட்சியகம். விரிசல் விட்ட கற்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

மார்ச் மாத இரவுக்குத் திரும்புவோம். 6.2 அங்குலக் கண்ணாடி, ஏழடிக் குழாய். இரட்டை நட்சத்திரங்களைத் தேடிக்கொண்டிருந்தவருக்கு ரிஷபம், மிதுனம் ராசிகளின் எல்லையில் ஒரு புள்ளி கொஞ்சம் தடித்துத் தெரிந்தது. 227 மடங்கு பெருக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தவர் 460 மடங்கு வில்லையை மாட்டினார், அப்புறம் 932. நட்சத்திரத்தை எத்தனை மடங்கு பெருக்கினாலும் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கும். இது பெருக்கத்துக்கு ஏற்ப விரிந்தது. அப்படியென்றால் பக்கத்தில் இருப்பது, தட்டு வடிவம் உள்ளது. வால்நட்சத்திரம் என்று எண்ணி அப்படியே அறிக்கை அனுப்பினார்.

வால் முளைக்கவில்லை. லெக்செல் போன்ற கணிதக்காரர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, கிட்டத்தட்ட வட்டமான பாதையில், சனியைப்போல் இரண்டு மடங்கு தொலைவில் அது சுற்றுவது தெரிந்தது. ஒரு சுற்றுக்கு 84 ஆண்டுகள். மனிதன் எழுதத் தொடங்கிய நாள் முதல் சனியோடு முடிந்திருந்த உலகத்துக்கு ஒரு வீடு கூடியது. (முன்பே பார்த்தவர்கள் உண்டு. ஃபிளாம்ஸ்டீட் 1690-லேயே அதை ரிஷபத்தின் 34-ஆம் நட்சத்திரம் என்று பட்டியலில் எழுதி வைத்திருந்தார். பிரான்சின் லெ மோனியே பலமுறை பார்த்தும் கோட்டை விட்டார். பாவம்.)

பெயர் வைக்கும் உரிமை

ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு ஒரே பதற்றம். சீக்கிரம் பெயர் வையும், இல்லாவிட்டால் சுறுசுறுப்பான அண்டைவீட்டுப் பிரெஞ்சுக்காரர்கள் வந்து ஞானஸ்நானம் செய்துவிடுவார்கள் என்ற பொருளில் ஹெர்ஷலுக்கு எழுதினார். அமெரிக்கப் போரில் பிரான்சும் பிரிட்டனும் எதிரெதிரே நின்ற நேரம் அது.

ஹெர்ஷல் வைத்த பெயர் ஜார்ஜியம் சிடுஸ், அதாவது ஜார்ஜின் நட்சத்திரம். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் அவருக்கு ஆண்டுக்கு 200 பவுன் உதவித்தொகை தந்து, பாட்டு வகுப்பிலிருந்து விடுவித்திருந்தார். ஹெர்ஷல் பிறந்த ஹனோவருக்கும் அவரே அதிபதி. ஆக, இதை வெறும் காக்காய் பிடித்தல் என்று தள்ளிவிட முடியாது. அவர் சொன்ன காரணம்தான் முக்கியம். பழங்காலத்தார் தங்கள் தெய்வங்கள், வீரர்கள் பெயரைக் கோள்களுக்கு வைத்தார்கள். இது தத்துவம் வளர்ந்த காலம், இப்போதும் ஜூனோ, பல்லாஸ், அப்போலோ, மினர்வா என்று பெயர் வைத்துக்கொண்டிருப்பது பொருந்தாது. பின்னால் வருபவர்கள் இந்தக் கோள் எப்போது கண்டுபிடிக்கப்பட்டது என்று கேட்டால், மூன்றாம் ஜார்ஜ் ஆட்சியில் என்று பெயரே பதில் சொல்லட்டும். இதுதான் அவர் வாதம்.

நேர்மையாகச் சொன்னால், வாதம் சரியானது. புராணத்துக்குப் பதில் வரலாறு. கற்பனைத் தேவதைக்குப் பதில் தேதி சொல்லும் பெயர். அறிவியல்காரன் பேச்சு இதுதான். ஆனாலும் தோற்றது.

சிடுஸ் என்றால் நட்சத்திரம், இதுவோ கோள் என்ற இலக்கணக் குறை ஒரு பக்கம். அதைத் திருத்திக்கொள்ளலாம், ஹெர்ஷலே பின்னாளில் ஜார்ஜியக் கோள் என்று எழுதினார். திருத்த முடியாத குறை ஜார்ஜ். பாரிஸில் உட்கார்ந்திருப்பவர் தன் எதிரி நாட்டு ராஜா பெயரைத் தினமும் அட்டவணையில் எழுத வேண்டும் என்றால் எழுதுவாரா? லலாந்து என்ற பிரெஞ்சு வானியலாளர் கோளை ஹெர்ஷல் என்றே அழைத்தார். பெருந்தன்மைதான், கூடவே ராஜாவைத் தவிர்த்தாயிற்று. சுவீடனிலிருந்து ஒருவர் நெப்டியூன் என்றார். அதைப் பிடித்துக்கொண்டு 'மூன்றாம் ஜார்ஜின் நெப்டியூன்' என்று சமாதானம் பேசினார் லெக்செல். கல்யாண வீட்டில் இரண்டு தாத்தா பெயரையும் சேர்த்துக் குழந்தைக்கு வைப்பதுபோல.

இது முதல் தோல்வியும் இல்லை. 1610-ல் வியாழனின் நான்கு நிலாக்களுக்குக் கலிலியோ தன் புரவலரான மெடிசி குடும்பத்தின் பெயரை வைத்தார். காசினி சனியின் நிலாக்களைப் பதினான்காம் லூயிக்குக் காணிக்கையாக்கினார். 1801-ல் பலெர்மோவில் பியாட்சி முதல் சிறுகோளைக் கண்டுபிடித்து, சிசிலி ராஜாவைச் சேர்த்து சீரீஸ் ஃபெர்டினாண்டேயா என்று பெயரிட்டார். சீரீஸ் நின்றது, ஃபெர்டினாண்டு உதிர்ந்தது. நான்கு அரசர் வீடுகள் வானத்தில் பட்டா கேட்டன. நான்குக்கும் கிடைக்கவில்லை.

பெர்லினில் ஒரு குடும்ப மரம்

வென்ற பெயர் பெர்லினிலிருந்து வந்தது. வானியலாளர் யோஹான் போடே சொன்ன கணக்கு எளிது. செவ்வாய், வெள்ளி, புதன் மூவரும் வியாழனின் பிள்ளைகள். வியாழனுக்கு அப்பா சனி. வெளியே போகப்போகத் தலைமுறை ஏறுகிறது. அப்படியானால் சனிக்கு வெளியே இருப்பவர் சனியின் அப்பா: ஊரனோஸ். அதற்கு லத்தீன் வால் ஒட்டி யுரேனஸ். ரோமரான கைலுஸை அவர் எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை.

ஒரு சின்ன விலகல். இந்தக் கணக்கு நம் நவக்கிரகத்தில் ஓடாது. நமக்குச் சனி சூரிய புத்திரன். புதன் சந்திரனின் பிள்ளை, செவ்வாய் பூமியின் பிள்ளை. போடேவின் இடத்தில் நம் ஜோசியர் ஒருவர் இருந்து, சனிக்கு வெளியே சனியின் அப்பா என்று சொல்லியிருந்தால் சூரியன் இரண்டாகியிருக்கும்! ஒரு புராணத்தின் உறவுமுறை தற்செயலாகக் கோள்களின் வரிசையோடு ஒத்துப்போனது, அவ்வளவுதான். சீனரும் ஜப்பானியரும் பெயரின் பொருளை மட்டும் எடுத்து 'வானவேந்தன் விண்மீன்' என்று வைத்துக்கொண்டார்கள். இந்தியில் அருண். தமிழ்ப் பாடப்புத்தகம் யுரேனஸ் என்றே விட்டுவிட்டது.

கிரேக்கப் புராணத்தில் ஊரனோஸின் கதை மெச்சிக்கொள்ளும்படி இல்லை. பெற்ற பிள்ளைகளைத் தாய்வயிற்றுக்குள்ளேயே அடைத்து வைத்தவர். கடைசிப் பிள்ளை குரோனோஸ், அதாவது ரோமர்களின் சாட்டர்ன், அரிவாளால் அப்பாவின் ஆண்மையை அறுத்து எறிந்தான். இப்படிப்பட்டவரைக் கோளுக்குப் பெயராக வைக்க யாரும் கூச்சப்படவில்லை. ஏனென்றால் அவர் செத்துப்போன மதத்தின் தெய்வம். அவருக்காகச் சண்டைக்கு வர ஆளில்லை, அவரை எதிர்க்கவும் ஆளில்லை. எந்த நாட்டுக்கும் வரி கட்டாதவர். புராணப் பெயரின் பலம் இதுதான் என்பது என் கட்சி. கிரேக்கத்தின் பெருமை, அழகு, பழமை எல்லாம் அப்புறம்.

இன்னொன்றும் கைகொடுத்தது. பெர்லின் வானியல் பஞ்சாங்கத்துக்குப் போடேதான் ஆசிரியர். தினமும் புரட்டும் அட்டவணையில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதுவே வாயிலும் வரும். 1789-ல் அதே பெர்லினில் கிளாப்ரோத் என்ற வேதியியலார் ஒரு கறுப்புத் தாதுவில் புதுத் தனிமம் இருப்பதைக் கண்டு, புதுக் கோளின் நினைவாக யுரேனியம் என்று பெயரிட்டார். ஜார்ஜியம் என்று வைத்திருக்கலாம், வைக்கவில்லை. தாது வந்த ஊரின் பெயர் யோஹான்ஜியோர்கன்ஷ்டாட். ஜார்ஜ் இந்த வழியாகவும் எட்டிப் பார்த்திருக்கிறார். ஆனால் அது சாக்சனி நாட்டு ஜார்ஜ்.

பிரிட்டன் மட்டும் அசையவில்லை. கப்பல்காரர்களின் பஞ்சாங்கமான நாட்டிக்கல் அல்மனாக்கில் ஆண்டுதோறும் ஜார்ஜ்தான். மூன்றாம் ஜார்ஜ் 1820-ல் இறந்தார். ஹெர்ஷல் 1822-ல் இறந்தார். 84 வயதை எட்ட மூன்று மாதம்கூட இல்லை, ஏறக்குறைய அவருடைய கோளின் ஒரு சுற்று. கடைசிவரை யுரேனஸ் என்ற பெயரை அவர் ஏற்கவில்லை. ஸ்லவ் அருகே அப்டன் தேவாலயத்தில் அவர் கல்லறை மேல் லத்தீனில் ஒரு வரி உண்டு: வானங்களின் தாழ்ப்பாள்களை உடைத்தவர். வானத்துக்கு அங்கே இருக்கும் சொல், ஊரனோஸுக்கு நேரான அதே லத்தீன் சொல்.

1850-ல்தான் பிரிட்டிஷ் பஞ்சாங்கமும் யுரேனஸுக்கு மாறியது. அதற்கு நான்கு ஆண்டு முன்னால் அதே நாடகம் பிரான்சில் மறுபடி ஓடியிருந்தது. 1846 செப்டம்பர் 23-ல் பெர்லினில் அடுத்த கோள் அகப்பட்டது. அது இருக்க வேண்டிய இடத்தைக் கணக்கால் சொன்னவர் பிரான்சின் லெவெரியே. முதலில் நெப்டியூன் என்றவர், பிறகு தன் பெயரே வரட்டும் என்று ஆசைப்பட்டார்; பிரெஞ்சு வானியலாளர் அரகோ அதற்காகக் களமிறங்கினார். யுரேனஸுக்கு ஹெர்ஷல் பெயர் நிலைத்தால் இதற்கு லெவெரியே பெயர் தானாக வந்துவிடும் அல்லவா? ஆகவே லெவெரியே யுரேனஸைப் பற்றிய தன் ஆய்வின் தலைப்பில் 'யுரேனஸ் எனப்படும் ஹெர்ஷல் கோள்' என்றே அச்சிட்டார். கெட்டிக்காரத்தனம்தான். பலிக்கவில்லை. ஆண்டு முடிவதற்குள் நெப்டியூன் பக்கம் காற்று திரும்பிவிட்டது.

இதில் எனக்குப் பிடித்த இடம் மகன் ஜான் ஹெர்ஷல். அப்பா வேண்டாம் என்ற கிரேக்கப் புராணத்தை 1847-ல் கைநிறைய அள்ளிக்கொண்டு வந்தவர் அவர்தான். சனியின் ஏழு நிலாக்களுக்கு மைமாஸ், என்செலடஸ், டெதிஸ், டயோனி, ரியா, டைட்டன், அயாபெடஸ் என்று சனியின் கூடப்பிறந்தவர்கள், இனத்தார் பெயர்களாக வைத்தார். காசினி லூயிக்குக் கொடுத்த நான்கும் அதோடு முடிந்தன. ஆனால் 1852-ல் அப்பாவின் கோளைச் சுற்றும் நிலாக்களுக்கு வந்தபோது புராணத்தைத் தொடவில்லை. டைட்டானியா, ஓபெரான், ஏரியல், அம்ப்ரியல்: ஷேக்ஸ்பியரிலிருந்தும் போப்பிலிருந்தும் எடுத்த தேவதைகள். இங்கிலாந்து ராஜாவுக்குக் கிடைக்காத இடத்தில் இங்கிலாந்துக் கவிஞர்கள் குடியேறிவிட்டார்கள்.

முகமூடி போட்டு உள்ளே வந்தவர்கள்

1850-க்குப் பிறகு யாரும் நேரடியாக ராஜா பெயரைச் சொல்லிக்கொண்டு கதவைத் தட்டவில்லை என்றால், ஆசை போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. வழி தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

1850 செப்டம்பரில் லண்டனில் ஜான் ரஸ்ஸல் ஹிண்ட் ஒரு சிறுகோளைக் கண்டார். பெயர் விக்டோரியா. அப்போது சிம்மாசனத்தில் இருந்தவரும் விக்டோரியா. அமெரிக்கர்களுக்குக் கோபம், பெஞ்சமின் கூல்ட் தன் பத்திரிகையில் அதைக் கிளையோ என்று வேறு பெயரால் எழுதினார். ஹிண்டின் பதில் தயாராக இருந்தது: விக்டோரியா ரோமானிய வெற்றித் தெய்வம், வேண்டுமானால் புராணத்தைப் பாருங்கள். ஹார்வர்டின் பாண்ட் ஒத்துக்கொண்டார், பெயர் நின்றது. கிளையோ பதினைந்து ஆண்டு கழித்து வேறொரு சிறுகோளுக்குப் போனது.

அடுத்த காட்சி சென்னையில், நுங்கம்பாக்கத்தில். இன்று வானிலை ஆய்வு மையம் இருக்கும் வளாகத்தில்தான் அன்று மெட்ராஸ் அப்சர்வேட்டரி இருந்தது. 1792-ஆம் ஆண்டின் கருங்கல் தூண் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்துப் பொறித்திருக்கிறது. நட்சத்திர ஒளியளவில் ஒரு படிக்கு 2.512 மடங்கு என்று உலகமே இன்றும் பயன்படுத்தும் கணக்கைத் தந்த நார்மன் போக்சன் 1861-ல் இங்கே பொறுப்பேற்றார். வந்த சில வாரங்களில், ஏப்ரல் 17 அன்று, ஒரு சிறுகோளைப் பிடித்தார். வரிசையில் 67-ஆவது. ஆசியாக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள்.

அவர் வைத்த பெயர் ஏசியா. கண்டத்தின் பெயரைச் சிறுகோளுக்கு வைக்கலாமா? பெண்தெய்வம் ஆயிற்றே என்று பதில் சொல்லலாம்: கிரேக்கப் புராணத்தில் ஏசியா சமுத்திரனின் மகள், டைட்டன் குலத்துப் பெண். கேட்பவருக்குத் தெய்வம், வைத்தவருக்குக் கண்டம். அதே வளாகத்திலிருந்து பிறகு சாப்போ, சில்வியா, கமிலா, கடைசியாக 1885-ல் வேரா. இவற்றில் சில்வியாவுக்குத் தனிப் பெருமை உண்டு. ரோமுலஸ், ரேமஸ் இரட்டையரின் தாயான ரியா சில்வியாவை நினைத்து வைத்த பெயர். 2001-லும் 2004-லும் அந்தச் சிறுகோளைச் சுற்றி இரண்டு குட்டி நிலாக்கள் அகப்பட்டன. பெயருக்கு யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. நுங்கம்பாக்கத்தில் வைத்த அம்மாவுக்கு 140 ஆண்டு கழித்துப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள்.

புளூட்டோவில் முகமூடி இன்னும் மெல்லியது. 1930-ல் அதைக் கண்டுபிடித்த லோவெல் ஆய்வகத்தில், நிறுவனர் பெர்சிவல் லோவெலின் மனைவி முதலில் சூஸ் என்றார், அடுத்து பெர்சிவல் என்றார், கடைசியில் கான்ஸ்டன்ஸ் என்றார். கான்ஸ்டன்ஸ் அவருடைய சொந்தப் பெயர். ஆக்ஸ்ஃபோர்டில் காலை உணவு மேசையில் பதினொரு வயது வெனீஷியா பர்னி, புளூட்டோ என்று வைக்கலாமே என்றாள். தாத்தா மூலம் அது வானியலாளர் டர்னருக்குப் போய், தந்தியாக அமெரிக்கா சேர்ந்தது. பாதாளத்துக்கு அரசன், இருட்டில் கிடக்கும் கோளுக்குப் பொருத்தம். முதல் இரண்டு எழுத்துகள் ஆங்கிலத்தில் 'பி', 'எல்': பெர்சிவல் லோவெல். விதவைக்கு நேர்வழியில் கிடைக்காதது குறுக்குவழியில் பாதி கிடைத்தது. யுரேனியத்தை அடுத்து வந்த தனிமங்களுக்கு நெப்டியூனியம், புளூட்டோனியம் என்று பெயர் வந்ததும் இந்தக் கோள்வரிசைப்படிதான். கல்பாக்கத்தில் வேலை பார்ப்பவர்கள் தினமும் உச்சரிப்பது பெர்லினில் போட்ட குடும்ப மரத்தின் கிளைகளை.

2006-ல் புளூட்டோவின் பதவியைப் பறிக்கக் காரணமான பொருளுக்குக் கண்டுபிடிப்பாளர்கள் செல்லமாக வைத்திருந்த பெயர் ஸீனா, ஒரு தொலைக்காட்சித் தொடரின் நாயகி. அதிகாரப் பெயர் கலகத்தின் தெய்வமான ஏரிஸ். அதன் நிலாவுக்கு டிஸ்னோமியா, ஏரிஸின் மகள், பொருள் சட்டமின்மை. ஸீனாவாக நடித்தவரின் குடும்பப்பெயர் லாலெஸ். ஆங்கிலம் தெரிந்தவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றிலும் உச்சம் 1978. வாஷிங்டனில் கடற்படை ஆய்வகத்தில் ஜேம்ஸ் கிறிஸ்டி புளூட்டோவின் படத்தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோளின் உருவத்தில் ஒரு பக்கம் புடைப்பு. வேறு தேதித் தட்டில் புடைப்பு வேறு பக்கம். ஜூன் 22 அன்று அது நிலா என்று புரிந்தது. மனைவி சார்லீனின் பெயரை வைக்க ஆசை. வீட்டில் அழைப்பது 'ஷார்'. எலெக்ட்ரான், புரோட்டான் பாணியில் ஒரு 'ஆன்' ஒட்டினார். புராணப் பெயர்தான் வேண்டும் என்று மற்றவர்கள் சொன்னபோது, தயங்கித் தயங்கி அகராதியைத் திறந்தார். இருந்தது. கேரோன்: செத்தவர்களைப் படகில் ஏற்றி ஆற்றைக் கடத்தி, பாதாள அரசன் புளூட்டோவின் நாட்டில் கொண்டுபோய் விடும் ஓடக்காரன். வேறு எந்தக் கோளின் நிலாவாக இருந்தாலும் இந்தப் பெயர் இவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்திருக்காது.

உச்சரிப்பில்தான் இன்னும் தகராறு. கிரேக்கப்படி 'க' வர வேண்டும். நாசாவில் பலர் 'ஷாரன்' என்கிறார்கள், சார்லீனுக்காக. தமிழில் கேரன், சாரோன், சரான் என்று கைக்குக் கை ஒரு எழுத்து. எனக்கு மட்டும் விருப்பம் கேட்டால் ஷாரன் என்றுதான் எழுதுவேன். ஓடக்காரன் கோபித்துக்கொள்ள மாட்டான்.